டூயல் ஃப்யூயல் எரிவாயு இன்ஜின் சிமுலேஷன்: தீப்பற்றும் நேரம் பொருந்தாதபோது எங்கே தேடுவது

சோதனையில் எடுத்த அழுத்த வரைகோடும் கணினி தந்த வரைகோடும் ஒரே தாளில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு டிகிரி கிராங்க் கோண இடைவெளி. அந்த நேரத்தில் கை தானாகவே வேதிவினைக் கோப்பைத் திறக்கப் போகும். ஏதோ ஒரு வினையின் வேகத்தை 1.5 மடங்கு ஆக்கினால் கோடுகள் பொருந்திவிடும். அடுத்த லோடு பாயிண்டில் அதே மாதிரி மறுபடியும் விலகி நிற்கும். இந்தப் பாதையில் மாதக்கணக்கில் உழைத்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தீப்பற்றும் நேரம் பிசகுவதற்கு வேதியியல் காரணமாக இருப்பது அரிது. பெரும்பாலும் டீசல் உள்ளே நுழையும் நொடியில் சிலிண்டருக்குள் இருக்கும் வெப்பநிலையும் கலவையும்தான் தவறாக இருக்கும்.

இங்கே பேசுவது குறைந்த அழுத்த வகையைப் பற்றி. காற்றோடு எரிவாயு முன்பே கலந்து உள்ளே வருகிறது, பிஸ்டன் மேலே ஏறும்போது சிறிதளவு பைலட் டீசல் பீய்ச்சப்படுகிறது, அந்த டீசல் தானாகப் பற்றி வாயுவுக்குத் தீ கொடுக்கிறது. 300 பார் அளவில் வாயுவையே நேரடியாகப் பீய்ச்சும் கப்பல் இன்ஜின்களின் கதை வேறு. அதை இதில் கலக்க வேண்டாம்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் ஓட்டங்களின் வரிசையைச் சரிசெய்துகொள்ளுங்கள். முதலில் எரிபொருளே இல்லாமல் சுழலும் மோட்டாரிங். அடுத்து டீசல் மட்டும். அதன்பின் வாயுவும் பைலட்டும் சேர்ந்து. முந்தைய படி பொருந்தாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. வாயு கலந்த அமுக்கத்தைத் தனியாக அளக்கலாமே என்று பைலட் இல்லாமல் வாயுவை விட்டு இன்ஜினைச் சுழற்றாதீர்கள். எரியாத வாயு எக்ஸாஸ்ட் குழாயில் தேங்கி வெடிக்கும் ஆபத்து உண்டு. வழக்கமான டூயல் ஃப்யூயல் ஓட்டத்தில், பைலட் பீய்ச்சுவதற்கு முந்தைய அமுக்கப் பகுதியே இந்த ஒப்பீட்டுக்குப் போதும்.

அறிகுறி: மோட்டாரிங் அழுத்தமே பொருந்தவில்லை

முதலில் சோதனைத் தரவைச் சந்தேகியுங்கள். மோட்டாரிங்கில் உச்ச அழுத்தம் டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை முன்னால் வர வேண்டும். சுவருக்குப் போகும் வெப்பமும் வளையம் வழியே கசியும் வாயுவும் அதற்குக் காரணம். உச்சம் டிடிசியிலேயோ அதற்குப் பின்னாலோ விழுந்தால் கிராங்க் குறியீடு தவறு. அதைத் திருத்தாமல் சிமுலேஷனைத் தொடாதீர்கள்.

அடுத்து அழுத்தத்தையும் கொள்ளளவையும் இரண்டு அச்சிலும் மடக்கை அளவில் வரையுங்கள். அமுக்கப் பகுதி நேர்கோடாக வர வேண்டும். தொடக்கத்தில் மட்டும் வளைந்தால், அழுத்த உணரியை அடிப்படை அழுத்தத்தோடு பொருத்தியதில் பிசகு. கோடு நேராகவும் சரிவு சரியாகவும் இருந்து உச்சம் மட்டும் குறைகிறது என்றால் அமுக்க விகிதத்தைப் பாருங்கள். வரைபடத்தில் உள்ள விகிதமும் உண்மையான இன்ஜினில் உள்ள விகிதமும் ஒன்றாக இருப்பதில்லை. தலைக் கேஸ்கெட்டின் தடிமன், வால்வுக் குழிவு, பிஸ்டன் வளையத்துக்கு மேலுள்ள இடுக்கு எல்லாம் கணக்கில் வரும்.

அறிகுறி: டீசல் மட்டும் ஓடும்போது பொருந்துகிறது, வாயு சேர்த்ததும் சிமுலேஷன் சீக்கிரம் பற்றுகிறது

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இது. இதற்குள் மூன்று தனித்தனிக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒன்றைச் சரிசெய்துவிட்டு நின்றால் பாதி இடைவெளிதான் மூடும்.

முதல் காரணம், தொடக்க வெப்பநிலை. இன்டேக் வால்வு மூடும் நொடியில் சிலிண்டருக்குள் இருக்கும் வெப்பநிலையை யாரும் நேரடியாக அளப்பதில்லை. அழுத்தம், கொள்ளளவு, நிறை மூன்றையும் வைத்து வாயுச் சமன்பாட்டில் பின்னோக்கிக் கணக்கிடுகிறோம். அந்தச் சமன்பாட்டில் வாயு மாறிலியும் இருக்கிறது. சமன் விகிதம் (உள்ளே இருக்கும் காற்று முழுதாக எரிக்கக்கூடிய எரிபொருளில் உண்மையில் இருக்கும் பங்கு) 0.5 என்றால் கலவையில் மீத்தேன் மோல் அளவில் ஏறத்தாழ 5 விழுக்காடு. கலவையின் சராசரி மூலக்கூறு எடை 28.96 இலிருந்து 28.3 ஆகக் குறைகிறது. அதாவது மாறிலி 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடுகிறது. டீசல் ஓட்டத்துக்கு எழுதிய விரிதாளில் காற்றின் மாறிலியையே விட்டுவிட்டால், 342 கெல்வினாக இருக்க வேண்டிய தொடக்க வெப்பநிலை 350 ஆகிவிடும்.

8 கெல்வின்தானே என்று விட முடியாது. அமுக்கம் அதைப் பெருக்கும். பயனுறு அமுக்க விகிதம் 16, பாலிட்ரோப்பிக் அடுக்கு (அமுக்கத்தில் அழுத்தம் கொள்ளளவோடு மாறும் அடுக்கு) 1.35 என்று வைத்தால் பெருக்கல் காரணி 2.64. கீழே இருந்த 8 கெல்வின் மேலே 21 கெல்வின் ஆகிறது. காற்று ஓட்ட மீட்டரில் 4 விழுக்காடு பிழை இருந்தால் கீழே 14 கெல்வின், மேலே 37. பற்றல் தாமதம், அதாவது பீய்ச்சியதிலிருந்து பற்றும் வரை ஆகும் நேரம், வெப்பநிலையோடு அடுக்குக்குறி முறையில் மாறுவது. அந்த மாற்றத்தின் கடுமையைச் சொல்லும் செயலூக்க வெப்பநிலை 15,000 கெல்வின் என்று எடுத்தால், 900 கெல்வின் அருகே ஒவ்வொரு 10 கெல்வினுக்கும் தாமதம் ஏறத்தாழ 20 விழுக்காடு மாறும். என்டிசி எனப்படும் பகுதியில், அதாவது வெப்பநிலை கூடியும் தாமதம் குறையாத இடத்தில், இந்த உணர்திறன் மங்கும். ஆனால் உங்கள் இன்ஜின் அங்கேதான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு பிழையை விட்டுவைக்கக் கூடாது.

இரண்டாவது காரணம், அமுக்கத்தின் போக்கு. மீத்தேனின் வெப்பக் கொள்ளளவு காற்றைவிட அதிகம், வெப்பநிலை ஏற ஏற இன்னும் அதிகம். எனவே வாயு கலந்த காற்றை அதே அளவு அமுக்கினாலும் அது அவ்வளவு சூடாகாது. 0.5 சமன் விகிதத்தில் காமா (மாறா அழுத்த, மாறாக் கொள்ளளவு வெப்பக் கொள்ளளவுகளின் விகிதம்) ஏறத்தாழ 0.015 முதல் 0.02 வரை குறையும். டிடிசியில் இது 40 கெல்வின் அளவிலான குளிர்ச்சி. முப்பரிமாண மென்பொருள் இதைத் தானாகவே கணக்கிடும், கலவையைச் சரியாகக் கொடுத்திருந்தால். சிலிண்டருக்குள் மீத்தேன் கொடுத்துவிட்டு இன்டேக் போர்ட்டில் வெறும் காற்றை விட்ட கோப்புகளையும் பார்த்திருக்கிறேன், வாயுவைச் சேர்த்துவிட்டு அது இடம்பெயர்த்த காற்றைக் குறைக்காத கோப்புகளையும் பார்த்திருக்கிறேன். காமாவை மாறிலியாக வைத்த ஒற்றை மண்டல நிரல்களில் (சிலிண்டர் முழுவதையும் ஒரே வெப்பநிலையாக எடுப்பவை) இந்தத் தவறு தானாகவே உட்கார்ந்திருக்கும். பைலட்டுக்கு 5 டிகிரி முன்னால் சிலிண்டரின் சராசரி வெப்பநிலையை டீசல் ஓட்டத்துக்கும் டூயல் ஓட்டத்துக்கும் அச்சிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

இந்த இரண்டும் சரியான பிறகுதான் மூன்றாவதான வேதியியல். மீத்தேன் வெறுமனே நின்று வேடிக்கை பார்க்கும் வாயு அல்ல. டீசல் பற்றுவதற்கான முதல் கட்டத்தில் ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளிடமிருந்து ஹைட்ரஜனைப் பறிக்க வேண்டும். அப்படிப் பறித்தால்தான் ஆக்சிஜன் சேர்ந்து, கிளைத்து, குளிர்சுடர், அதாவது முழுத் தீக்கு முந்தைய மங்கலான முதல் கட்டச் சுடர், பிறக்கும். மீத்தேன் அந்த ஹைட்ராக்சிலைத் தானே விழுங்கி மெத்தில் ரேடிக்கலையும் நீரையும் தருகிறது. அந்த வெப்பநிலையில் மெத்தில் மந்தமானது, சங்கிலியைத் தொடராது. குளிர்சுடரும் தள்ளிப்போகிறது, அதன் பின் வரும் பெருஞ்சுடரும் தள்ளிப்போகிறது. ஸ்ப்ரே ஏ எனப்படும் ஒப்பீட்டுத் தாரை பலருக்குத் தெரிந்திருக்கும்: என்-டோடெக்கேன், 900 கெல்வின், கன மீட்டருக்கு 22.8 கிலோ அடர்த்தி, 15 விழுக்காடு ஆக்சிஜன். அந்த நிலையில் சூழலில் மீத்தேனைச் சேர்த்துச் செய்த பெருஞ்சுழல் கணக்கீடுகளில் (எல்.இ.எஸ்.) பற்றல் தாமதம் இரண்டு மடங்குக்கும் மேல் நீண்டது.

உங்கள் வினைத்தொகுதியில், அதாவது வேதிவினைக் கோப்பில், இந்தப் போட்டி இருக்கிறதா என்பதைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கேன்டெரா என்னும் வேதிவினை மென்பொருளில் மாறாக் கொள்ளளவுள்ள ஒரு வினைகலன். 60 பார், 850 கெல்வின், என்-ஹெப்டேன் சமன் விகிதம் 1. ஒரு தடவை காற்றோடு, ஒரு தடவை அதே காற்றில் 5 விழுக்காடு மீத்தேன் கலந்து. இரண்டாவது ஓட்டத்தில் ஆக்சிஜன் அளவையும் தொடக்க வெப்பநிலையையும் மாற்றாமல், மீத்தேனுக்கு ஈடாக நைட்ரஜனை மட்டும் குறையுங்கள். அப்போது தெரிவது வேதியியலின் பங்கு. தாமதம் நகரவே இல்லை என்றால் உங்கள் கோப்பில் டீசலும் மீத்தேனும் ஒன்றையொன்று அறியாமல் வாழ்கின்றன. ஒருபடி வினை மாதிரிகளிலும் டீசலுக்கென்றே எழுதப்பட்ட பழைய பற்றல் மாதிரிகளிலும் இப்படித்தான் இருக்கும். அவற்றை வைத்து டூயல் ஃப்யூயல் செய்ய முடியாது. மாற்றுங்கள்.

அறிகுறி: சிமுலேஷன் தாமதமாகப் பற்றுகிறது, அல்லது பற்றவே இல்லை

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். இன்ஜெக்டருக்கு மின்கட்டளை போகும் நேரமும் நாசிலிலிருந்து எரிபொருள் வெளியே வரும் நேரமும் வேறு வேறு. இடைவெளி 0.3 மில்லிசெகண்ட் என்றால், 1500 ஆர்.பி.எம்.மில் ஒரு டிகிரி 0.111 மில்லிசெகண்ட் என்பதால், 2.7 டிகிரி ஓடிவிடும். கட்டளை நேரத்தைப் பீய்ச்சும் நேரமாக எடுத்தால் சிமுலேஷன் முந்தும். இந்த இடைவெளியை ஏற்கெனவே சேர்த்துத் தந்த தரவில் மறுபடியும் சேர்த்தால் பிந்தும். தரவு தந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீரும் சிக்கல்.

அடுத்தது பைலட்டின் வீத வடிவம். பெரிய பீய்ச்சலில் ஊசி முழுதாகத் திறந்து நின்று மூடும். மைக்ரோ பைலட்டில், அதாவது மிகச் சிறிய பைலட்டில், ஊசி பாதி திறப்பதற்குள் மூடத் தொடங்கிவிடும். அங்கே செவ்வக வடிவ வீதத்தைக் கொடுப்பது தவறு. வேகம் கூடி, தாரை ஆழமாகப் போய், அளவுக்கு மேல் கலந்து மெலிந்துவிடும். முழுச் சுமையில் தேவைப்படும் மொத்த ஆற்றலில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பைலட்டோடு ஓடும் பெரிய இன்ஜின்கள் இருக்கின்றன. அவ்வளவு சிறிய அளவில் கடைசித் துளி உள்ளே வந்து முடிந்த பிறகுதான் பற்றல் தொடங்கும். பீய்ச்சல் நின்றதும் தாரையின் வால் வேகமாக மெலியும். பற்றத் தேவையான செறிவான பை எங்காவது மிச்சம் இருக்கிறதா என்பதே கேள்வி. பற்றாத ஓட்டத்தில் சமன் விகிதத்தின் உச்சத்தை நேரத்தோடு வரைந்து பாருங்கள். அது பற்றும் முன்பே ஒன்றுக்குக் கீழே சரிந்திருந்தால் காரணம் கலப்பு. பெரிய மெஷ் கலங்கள் (சிலிண்டரைக் கணக்குக்காகப் பிரித்த கட்டங்கள்) இதை இன்னும் மோசமாக்கும். 2 மி.மீ. கலத்துக்குள் விழுந்த ஆவி அந்தக் கலம் முழுவதும் உடனே பரவிவிடுகிறது.

எஞ்சிய வாயுவையும் மறக்காதீர்கள். போன சுழற்சியில் எரிந்து முடிந்த சூடான வாயு சில விழுக்காடு உள்ளே தங்கும். அது வெப்பநிலையைக் கூட்டுகிறது. அதிலிருக்கும் சிறிதளவு நைட்ரிக் ஆக்சைடும் பற்றலைத் தூண்டக்கூடியது. வால்வு மூடியதிலிருந்து தொடங்கும் கணக்கீட்டில் சுத்தமான காற்றையும் வாயுவையும் மட்டும் கொடுத்தால் தாமதம் நீளும். எஞ்சிய வாயுவின் அளவை ஊகிக்காதீர்கள். ஒருபரிமாண வாயு ஓட்ட மாதிரியிலிருந்து எடுங்கள்.

அறிகுறி: குளிர்சுடர் சரியான நேரத்தில் வருகிறது, பெருஞ்சுடர் விலகுகிறது

இங்கே டீசலுக்குப் பதிலாக எதை வைத்தீர்கள் என்று கேட்க வேண்டும். என்-ஹெப்டேனின் சீட்டேன் எண் (எவ்வளவு எளிதில் தானாகப் பற்றும் என்பதன் அளவு) 56 அளவில். நம் நாட்டு பி.எஸ். 6 டீசலுக்குக் குறைந்தபட்சம் 51. வேதியியலுக்கு என்-ஹெப்டேன் ஓரளவு ஒத்துப்போகும். என்-டோடெக்கேன் அதைவிட எளிதில் பற்றுவது. ஸ்ப்ரே ஏ தரவோடு ஒப்பிட அது சரி, பம்ப் டீசலோடு ஒப்பிட அது முந்தும்.

பலர் தடுமாறுவது திரவப் பண்புகளில். என்-ஹெப்டேன் 98 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். டீசல் கொதிப்பது ஏறத்தாழ 180 முதல் 360 வரை. வேதியியலுக்கு ஹெப்டேனை வைத்தாலும் துளிகளின் ஆவியாதலுக்கு டீசலுக்கு நெருக்கமான திரவப் பண்புகளைத் தனியாகக் கொடுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் இதற்கு வழி இருக்கிறது. இல்லையென்றால் ஆவி மிகச் சீக்கிரம் உருவாகி, முதல் கட்டம் தற்செயலாகச் சரியான இடத்தில் விழும், இரண்டாம் கட்டம் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: பைலட் சரியாகப் பற்றுகிறது, வாயு எரிய மறுக்கிறது

வெப்ப வெளியீட்டில் முதல் மேடு அழகாக வரும். அதன்பின் வர வேண்டிய அகன்ற மேடு சப்பையாகக் கிடக்கும். இது பற்றல் பிழை அல்ல, சுடர் பரவல் பிழை. பற்றலைத் திருத்தி இதைச் சரிசெய்ய முயன்றால் இரண்டும் கெடும்.

இன்ஜின் அழுத்தத்தில் மீத்தேன் சுடரின் தடிமன் 100 மைக்ரானுக்கும் கீழே. உங்கள் மெஷ் கலம் 500 மைக்ரான். ஒவ்வொரு கலத்தையும் நன்கு கலந்த உலையாக எடுத்துக்கொள்ளும் மாதிரியில் சுடரின் வேகத்தை வேதியியலோடு சேர்ந்து மெஷ்ஷும் தீர்மானிக்கிறது. கலத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். இரண்டாம் மேட்டின் உயரம் கணிசமாக மாறினால் அந்த மாதிரியால் வாயு எரிதலை முன்கணிக்க முடியாது. பைலட்டுக்கு விரிவான வேதியியல், பரவும் சுடருக்கு அதன் முகப்பைப் பின்தொடரும் ஜி-சமன்பாடு அல்லது தடிப்பாக்கிய சுடர் மாதிரி என்று பிரித்துக்கொள்வது நேர்மையான வழி. கணக்கீட்டுச் செலவு கூடும், ஆனால் வரும் எண்ணுக்கு ஒரு பொருள் இருக்கும்.

கலவை மிகவும் மெலிந்திருந்தால், சமன் விகிதம் 0.4க்குக் கீழே போனால், உண்மையான இன்ஜினிலேயே வாயு முழுதாக எரியாது. எக்ஸாஸ்ட்டில் அளந்த எரியாத மீத்தேனைப் பார்த்த பிறகே சிமுலேஷனைக் குறை சொல்லுங்கள்.

அறிகுறி: பைலட்டுக்கு முன்பே, அல்லது சுடர் போய்ச் சேரும் முன்பே, வாயு தானாகப் பற்றுகிறது

கிரை-மெக் 3.0 (GRI-Mech) என்னும் வினைத்தொகுதியைப் பயன்படுத்துகிறீர்களா? 53 மூலக்கூறு வகைகள், 325 வினைகள், இயற்கை எரிவாயுவுக்கென்றே உருவானது, எல்லோர் கணினியிலும் இருப்பது. ஆனால் அது சரிபார்க்கப்பட்டது ஏறத்தாழ 1000 முதல் 2500 கெல்வின் வரை, அழுத்தம் 10 அட்மாஸ்ஃபியர் வரை. நம் சிலிண்டரின் இறுதி வாயு, அதாவது சுடர் இன்னும் எட்டாத வாயு, 800, 900 கெல்வினிலும் 60 முதல் 100 பார் அழுத்தத்திலும் இருக்கிறது. அந்த இடத்தில் முக்கியமாகும் மெத்தில்பெராக்சி வினைகள் அந்தக் கோப்பில் இல்லவே இல்லை. டீசலுக்கான மூலக்கூறுகளும் இல்லை. அதோடு வேறொரு ஹெப்டேன் தொகுதியை ஒட்டி வைத்தால் ஒரே வினை இரண்டு வேகங்களில் இரண்டு முறை வந்துவிடும். உயர் அழுத்தத்தில் சரிபார்த்த, மீத்தேனையும் ஹெப்டேனையும் சேர்த்தே உருவாக்கிய சுருக்கத் தொகுதியை எடுங்கள்.

கூடவே வாயுவின் கலவையையும் பாருங்கள். ஈத்தேனும் புரொப்பேனும் மீத்தேனைவிட எளிதில் பற்றும். சோதனையில் ஓடியது குழாய் வாயு, சிமுலேஷனில் ஓடுவது சுத்த மீத்தேன் என்றால் நாக்கிங் எல்லையில் இரண்டும் ஒத்துப்போகாது.

அறிகுறி: மெஷ்ஷை மாற்றினால் பற்றும் நேரம் மாறுகிறது

தாரை நடக்கும் பகுதியில் 0.5, 0.35, 0.25 மி.மீ. என்று மூன்று அளவில் ஓட்டி, நகர்வு குறைந்துகொண்டே வருகிறதா என்று பாருங்கள். துளித் தொகுப்புகளின் (பல துளிகளை ஒன்றாகக் கணக்கிடும் கூட்டங்களின்) எண்ணிக்கையையும் கூடவே உயர்த்த வேண்டும். கலம் மட்டும் சிறிதானால் ஒவ்வொரு கலத்திலும் இரண்டு மூன்று தொகுப்புகள்தான் மிஞ்சும், ஆவி புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். வேதியியலுக்கான காலப்படியை ஒரு மைக்ரோசெகண்ட் அளவில் கட்டுப்படுத்திப் பாருங்கள். பெரிய படியில் குளிர்சுடரைத் தாண்டிக் குதித்துவிடும்.

அறிகுறி: அழுத்தக் கோடு பொருந்துகிறது, பற்றல் தாமதம் மட்டும் பொருந்தவில்லை

நீங்களும் சோதனைக்கூடத்தாரும் ஒரே சொல்லால் இரண்டு வேறு நிகழ்வுகளைக் குறிக்கிறீர்கள். சிமுலேஷனில் பற்றல் என்பது உச்ச வெப்பநிலை மிக வேகமாக ஏறும் நொடி. சோதனைக்கூடத்தில் அது மொத்த வெப்பத்தில் 5 விழுக்காடு வெளிவந்த கோணம். டீசல் மட்டும் ஓடினால் இரண்டும் அருகருகே விழும். மைக்ரோ பைலட்டில் அப்படி விழாது. மொத்த ஆற்றலில் ஒன்றிரண்டு விழுக்காடே உள்ள பைலட் முழுவதும் எரிந்தாலும் 5 விழுக்காட்டைத் தொட முடியாது. அழுத்த உணரி சொல்லும் பற்றல், வாயு பற்றிய நேரம். பைலட் அதற்கு முன்பே பற்றியிருக்கும்.

ஆகவே சிமுலேஷன் அழுத்தத்தையும் சோதனை அழுத்தத்தையும் ஒரே வெப்ப வெளியீட்டு நிரலுக்குள், ஒரே வடிகட்டியோடு, ஒரே காமாவோடு அனுப்பி, இரண்டிலிருந்தும் ஒரே முறையில் கோணத்தை எடுங்கள். பைலட்டின் பற்றலை உண்மையில் ஒப்பிட வேண்டுமானால் கண்ணாடிச் சாளரம் உள்ள இன்ஜினில் ஹைட்ராக்சில் ஒளியைப் படமெடுத்த தரவு வேண்டும். அந்தத் தரவு கிடைக்காதபோது அறிக்கையில் "வாயு பற்றிய கோணம்" என்று எழுதுங்கள், அளந்தது அதுதான்.